சிறிய உடல், பெரிய பாய்ச்சல்: அமெரிக்கக் கால்பந்தில் ஆள் தேரும் கலை

கால்பந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது கல்கத்தாவின் மைதானமோ, கோவாவின் ஊர்ப்புற ஆடுகளமோ, கேரளத்து மலப்புறமோ ஆகும். அங்கெல்லாம் பந்து உருண்டையானது. ஆட்டம் காலால் ஆடப்படுவது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதே பெயரால் வழங்கும் ஆட்டமோ முற்றிலும் வேறு. அங்கே பந்து இருமுனையும் கூர்ந்து நீண்டிருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், எதிரியைக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவார்கள். அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்கள் இவ்வாட்டத்தை ஆடுகிறார்கள். அவர்களுள் ஒருவகை மாணவனைப் பற்றியே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம். அவன் உருவத்தில் சிறியவன். ஆயினும் முதல் அடியிலேயே வெடிபோலப் பாய்பவன். அவனைக் கண்டறிவது எப்படி? கண்டறிந்தபின் நம்புவது எப்படி? இவ்விரு வினாக்களும் அந்நாட்டுப் பயிற்சியாளர்களை நெடுங்காலமாக வருத்தி வருவன.

முதலில் ஆட்டத்தின் அடிப்படையை அறிந்துகொள்வோம். ஓர் அணிக்கு 11 பேர். இலக்குக் கோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 100 கஜ தூரம். பந்தை உடைய அணிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அந்நான்கனுள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும்; தவறினால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் இரு அணியினரும் ஒரு கற்பனைக் கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் குனிந்திருப்பவர் தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்புறம் கொடுத்த கணமே இரு வரிசைகளும் மோதும். பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்தும் தலைவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர்.

அத்தலைவனைக் காக்க ஐவர் மதில்போல நிற்பார்கள். அம்மதிலை உடைத்து உட்புகுந்து, தலைவன் பந்தை எறியுமுன் அவனைப் பிடித்து வீழ்த்த முயல்பவர்களே காப்பு வரிசை வீரர்கள். நம் சடுகுடுவில் பாடி வருபவனை மடக்கிப் பிடிப்பவனது பணியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே பிடிப்பவனுக்கும் பிடிபடுபவனுக்கும் இடையே ஐந்து மலைகள் நிற்கின்றன. இவ்வாறு தலைவனை வீழ்த்துவதற்கு ஸாக் என்று பெயர். காப்பு வரிசை வீரனின் புகழ் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்படுகிறது.

தலைவன் பந்தைப் பெற்று எறிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பொதுவாக 2.5 முதல் 3 வினாடி. அதற்குள் மதிலைக் கடந்தாக வேண்டும். இந்த மூன்று வினாடிக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் கூறப்போகும் யாவும் இதனின்றே பிறப்பன.

இனி, பெரிய உடலை ஏன் விரும்புகிறார்கள் என்று பார்ப்போம். இது வெறும் மூடப்பழக்கம் அன்று; தக்க காரணம் உண்டு. எதிரே நிற்கும் மதில்வீரர்கள் கல்லூரி நிலையில் பலர் 300 ராத்தல், அதாவது 136 கிலோவுக்கு மேற்பட்ட எடை உடையவர்கள். காப்பு வரிசையின் நடுவில் நிற்பவனை அத்தகையோர் இருவர் சேர்ந்து தள்ளுவதும் உண்டு. எடை குறைந்தவன் அப்போது பின்னோக்கி நகர்ந்துவிட்டால், அவ்விடைவெளியில் பந்தை ஏந்தியவன் ஓடிவிடுவான். அன்றியும், கை நீளமும் முக்கியமானது. நீண்ட கையுடையவன் எதிரியின் மார்பை முதலில் தொடுவான். முதலில் தொட்டவன் பிடியே வலிய பிடி. உயரம் குறைந்தவனுக்குப் பெரும்பாலும் கையும் குறுகியிருக்கும். ஆகவே உயரம், எடை, கை நீளம் ஆகிய மூன்றையும் பயிற்சியாளர்கள் முதலில் கேட்பது இயல்பே. பெரியவர்களுள் வெற்றி பெறுவோர் மிகுதி என்பதும் உண்மையே.

ஆயினும், எடை ஒன்றே வலிமை ஆகாது என்பதைப் பள்ளியில் பௌதிகம் பயின்ற எவரும் அறிவர். மோதலின் விசை எடையையும் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கியதில் அடங்கியுள்ளது. கணக்குக்காக ஓர் உதாரணம் கூறுவோம். 145 கிலோ எடையுள்ள ஒருவன் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறான். அவனது உந்தம் 435. அவன் எதிரே 120 கிலோ எடையுள்ளவன் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வருகிறான். அவனது உந்தம் 480. சிறியவனே மிகுந்தவன் ஆகிறான். எனவே சிறியவன் தேடவேண்டியது, பெரியவன் வேகம் கொள்ளுமுன் தான் முழு வேகம் கொள்ளும் ஆற்றலை. இதைத்தான் அந்நாட்டார் வெடிப்பாற்றல் என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். நீண்ட ஓட்டத்தின் வேகம் வேறு. நின்ற நிலையிலிருந்து முதல் இரண்டு அடிகளில் பிறக்கும் வேகம் வேறு. காப்பு வரிசை வீரனுக்கு வேண்டுவது பின்னது.

மற்றொரு காரணமும் உண்டு. ஒரு பெரிய பாறையைப் புரட்ட வேண்டுமானால் கடப்பாரையை அதன் அடியில் கொடுக்கிறோமே அன்றி உச்சியில் கொடுப்பதில்லை. மோதலிலும் அவ்வாறே. எவனுடைய தோள் தாழ்ந்து எதிரியின் மார்புக்கு அடியில் புகுகிறதோ அவனே எதிரியைத் தூக்கி நிமிர்த்துகிறான். நிமிர்ந்தவன் கால்பலம் இழக்கிறான். ஆறடி ஐந்தங்குல மனிதன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள முழங்காலையும் இடுப்பையும் மிகவும் மடக்க வேண்டும். ஆட்டம் நீள நீளச் சோர்ந்து நிமிர்ந்துவிடுவான். ஆறடி மனிதனுக்கு அத்தாழ்வு பிறவியிலேயே வாய்த்தது. குறை என்று எண்ணப்பட்டதே இங்குக் கருவி ஆகிறது. ஆயினும் குட்டையாக இருந்தால் மட்டும் போதாது. தாழ்ந்து ஆடவும் தெரிய வேண்டும். குட்டையாகவும் இருந்து நிமிர்ந்தும் ஆடுபவனுக்கு இருவகை நஷ்டமும் சேரும்.

இனி, ஆள் தேர்பவனின் பணிக்கு வருவோம். ஆங்கிலத்தில் அவனை ஸ்கவுட் என்பார்கள். நம்மவர்க்கு அச்சொல் சாரணச் சிறுவரை நினைவூட்டும்; இங்கோ அது கல்லூரிகளுக்காகப் பள்ளிதோறும் சென்று திறமை தேடும் தேர்வாளனைக் குறிக்கும். இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் சிற்றூர்களின் ஆடுகளங்களில் அவன் அமர்ந்திருப்பான். இன்று அவனுக்கு ஒளிப்படச் சுருளும் துணை செய்கிறது. 2006ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் தொடங்கப்பட்ட ஹட்ல் என்ற நிறுவனத்தின் வழியாகப் பள்ளிகள் தங்கள் ஆட்டங்களைப் பதிவு செய்து அனுப்புகின்றன. மாணவனும் தன் சிறந்த செயல்களைத் தொகுத்து அனுப்புகிறான்.

அனுபவமுள்ள தேர்வாளன் அத்தொகுப்போடு நின்றுவிடுவதில்லை. தொகுப்பில் தோல்வி இராது. பூக்கடையில் வாடிய பூவை முன்னே வைப்பார் எவரும் இல்லை. ஆகவே அவன் முழு ஆட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறான். அதில் அவன் கண் செல்லும் இடங்கள் ஐந்து.

முதலாவது, பந்து அசைந்த கணம். வரிசையில் நிற்கும் நால்வருள் எவன் முதலில் அசைகிறான்? படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இது வெளிப்படும். எல்லாரும் கையை ஊன்றிய நிலையிலிருக்க, ஒருவன் மட்டும் ஓரடி கடந்திருப்பான். ஒருமுறை நேர்ந்தால் அது ஊகத்தின் வெற்றியாக இருக்கலாம். முப்பது முறை நேர்ந்தால் அது அவன் இயல்பு.

இரண்டாவது, கைகள். சிறியவன் எதிரியின் பிடிக்குள் அகப்பட்டால் பெரும்பாலும் மீள்வதில்லை. ஆதலின் அகப்படாமை அவன் கலை. எதிரியின் கையைத் தட்டிவிடுகிறானா, அதன் அடியில் நுழைகிறானா, சுழன்று விலகுகிறானா என்று பார்க்க வேண்டும். பள்ளி நிலையில் வேகம் ஒன்றைக்கொண்டே வென்றுவிடும் சிறுவர் பலர். அவர்கள் கைத்தொழில் கற்காமலே வளர்ந்துவிடுகிறார்கள். கல்லூரியில் எதிரியும் வேகமுள்ளவனாக இருக்கும்போது அவர்கள் திகைத்து நிற்கிறார்கள்.

மூன்றாவது, எதிரி யார் என்பது. 180 ராத்தல் எடையுள்ள மாணவனைத் தள்ளிவிட்டது பெரிய காரியம் அன்று. அம்மாவட்டத்திலேயே மிகப் பெரிய மதில்வீரனை எதிர்த்த நாளில் இவன் என்ன செய்தான்? அந்த ஓர் ஆட்டம் மற்றப் பத்து ஆட்டங்களைவிட அதிகம் கூறும்.

நான்காவது, பந்து எட்டாத் தூரத்தில் இருக்கும்போது இவன் செய்வது. ஆட்டம் மறுபுறம் போய்விட்டது. இனி நம் வேலை இல்லை என்று நின்றுவிடுகிறானா? அல்லது முப்பது கஜம் துரத்திச் செல்கிறானா? நான்காம் கால்பகுதியில், தன் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போதும் துரத்துகிறானா? இவ்வூக்கத்தைப் பிறகு ஊட்டுவது அரிது.

ஐந்தாவது, அவன் தோற்ற இடங்கள். இருவர் சேர்ந்து தள்ளும்போது என்ன ஆகிறான்? பின்னே சாய்கிறானா, அல்லது ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியேனும் இடத்தைக் காக்கிறானா? வெல்லாவிட்டாலும் இடத்தை இழக்காதவனைப் பயன்படுத்த வழி உண்டு.

படம் பார்த்தபின் அளவுகள் வருகின்றன. பயிற்சி முகாம்களில் 40 கஜ ஓட்டத்தைக் கடிகாரம் வைத்துக் கணிப்பார்கள். இவனைப் பொறுத்தவரை முழு ஓட்டத்தைவிட முதல் 10 கஜத்திற்கான நேரமே கருதத்தக்கது. ஏனெனில் இவன் பணி முழுவதும் அத்தூரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து மேலே எழும் தாவலும், முன்னே பாயும் தாவலும் தொடை, இடுப்பு ஆகியவற்றின் வெடிப்பாற்றலைக் காட்டும். பள்ளிகள் கூறும் உயரத்தைத் தேர்வாளன் அப்படியே ஏற்பதில்லை. ஓரிரு அங்குலமும் பத்திருபது ராத்தலும் தாளில் கூடியிருப்பது அங்கே வேடிக்கையாகப் பேசப்படும் வழக்கம். ஆகவே நேரில் அளந்தே நம்புகிறார்கள்.

பிற விளையாட்டுகளும் சான்று பகர்கின்றன. குளிர்காலத்தில் மல்யுத்தம் ஆடும் மாணவன் தாழ்ந்து நிற்கவும், எதிரியின் பாரத்தை உணர்ந்து திருப்பவும் அறிந்திருப்பான். வசந்தகாலத்தில் குண்டெறிபவன் தரையிலிருந்து விசையை இடுப்பின் வழியாகக் கைக்குக் கொண்டுவரும் நுட்பத்தைக் கற்றிருப்பான். கூடைப்பந்து ஆடுபவனிடம் கால்களின் இலகு தெரியும். ஒரே ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட இவற்றையும் காண்பது நல்லது.

அடுத்துப் பெரிய வினா ஒன்று எழுகிறது: இவன் இன்னும் வளர்வானா? பதினாறு, பதினேழு வயதில் எலும்பு முற்றிவிடுவதில்லை. தேர்வாளர்கள் பெற்றோரின் உயரத்தையும், மாணவனின் தோளகலத்தையும் மணிக்கட்டையும் பாதத்தையும் நோக்கி ஊகிக்கிறார்கள். உயரத்தை எவராலும் கூட்ட இயலாது, எடையைக் கூட்டலாம். ஆனால் எடை கூடும்போது அந்த முதல் அடியின் வேகம் குறையுமாயின், ஆதாயத்தைவிட நஷ்டமே மிகுதி. எவ்வளவு எடையைத் தாங்கியும் அதே விரைவோடு இவன் எழுவான் என்பதே சரியான கேள்வி. இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மட்டுமீறிய பருமன் உடைய வரிசை வீரர்களிடம் இரத்த அழுத்தமும் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டுள்ளார்கள். ஒரு சிறுவனை அவசர அவசரமாகப் பருக்கச் செய்வது வளர்ப்பதாகாது.

சிறியவனுக்கு ஏற்ற இடம் எது என்பதையும் அறிய வேண்டும். காப்பு வரிசையை இரு முறைகளில் அமைப்பார்கள். ஒரு முறையில், வீரன் தன் எதிரியைத் தாங்கி நின்று அவனுக்கு இருபுறமும் உள்ள இடைவெளிகளைக் காக்க வேண்டும். இதற்குப் பேருடல் தேவை. மற்றொரு முறையில், ஒரே ஓர் இடைவெளியைத் தன் பொறுப்பாகக் கொண்டு அதன் வழியே பாய்ந்து புக வேண்டும். இதற்கு விரைவே தேவை. ஒரே மாணவன் முதல் முறையில் பயனற்றவனாகவும் இரண்டாம் முறையில் ஒப்பற்றவனாகவும் விளங்கலாம். ஆதலால், ‘இவன் நல்லவனா?’ என்று வினவுவதினும், ‘எங்கே நிறுத்தினால் நல்லவன்?’ என்று வினவுவதே அறிவுடைமை.

இவையெல்லாம் வெறும் கொள்கைகள் அல்ல என்பதற்குச் சிலர் வாழ்க்கை சான்றாகும். டெக்ஸாஸ் மாநிலத்து ஜான் ராண்டில் ஆறடி ஓரங்குல உயரமே உடையவர். 1990இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஓர் அணியும் அவர் பெயரைக் கூறவில்லை. எடை பார்க்கும்போது ஆடைக்குள் இரும்புச் சங்கிலியை மறைத்துக்கொண்டார் என்ற கதையும் வழங்குகிறது. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் இடம் பெற்ற அவர், தம் ஆட்டக்காலம் முழுவதிலும் 137.5 ஸாக்குகள் கணக்கிட்டு, 2010இல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஐந்தடி பதினோரங்குல உயரமுடைய எல்விஸ் டூமர்வில் 2006இல் நான்காம் சுற்றில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2009இல் 17 ஸாக்குகளுடன் தொழில்முறைச் சங்கத்திலேயே முதலிடம் பெற்றார்.

எல்லாரிலும் சிறந்த உதாரணம் ஆரன் டொனால்ட் ஆவார். பிட்ஸ்பர்க் நகரை அடுத்த பென் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், பெருங்கல்லூரிகளுள் மிகப் பல அவரை நாடி வரவில்லை. குள்ளம் என்பதே காரணம். சிறுவயதிலேயே விடியற்காலை நாலரை மணிக்குத் தந்தையோடு எழுந்து வீட்டின் நிலவறையில் உடற்பயிற்சி செய்த பழக்கத்தை எந்த அளவுகோல் அளக்கும்? சொந்த ஊர்ப் பல்கலைக்கழகமாகிய பிட்ஸ்பர்க்கில் அவர் சேர்ந்தார். 2013ஆம் ஆண்டு ஆட்டக்காலத்தில், எதிரணியைப் பின்னடையச் செய்த பிடிகள் 28.5 என்று அவர் பெயரில் பதிவாயின. 2014இல் நடந்த அளவுத் தேர்வில் 285 ராத்தல் எடையோடு 40 கஜத்தை 4.68 வினாடியில் ஓடினார். 225 ராத்தல் பாரத்தை 35 முறை தூக்கினார். அப்போதும் அவர் பெயர் 13ஆவதாகவே அழைக்கப்பட்டது. பின்னர் 2017, 2018, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளில் சங்கத்தின் சிறந்த காப்பு வீரர் என்ற விருதைப் பெற்றார். 2022 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில், ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே எஞ்சியிருந்தபோது, நான்காம் முயற்சியில் எதிரணித் தலைவனைப் பற்றிச் சுழற்றி, ராம்ஸ் அணியின் வெற்றியை உறுதி செய்தவரும் அவரே. 2024இல் ஓய்வு பெற்றார்.

எனினும், ஒரு டொனால்டைக் காட்டி ஒவ்வொரு சிறிய மாணவனும் அவ்வாறே ஆவான் என்று கூறுவது நேர்மையாகாது. சிறியவராய் இருந்து முன்னேறாமல் போனவர்களின் பெயர்கள் ஏடுகளில் ஏறுவதில்லை. ஆகவே தேர்வாளன் இருவகைப் பிழைகளுக்கும் அஞ்ச வேண்டும். தகுதியற்றவனை ஏற்பது ஒரு பிழை. தகுதியுடையவனைத் தள்ளுவது மற்றொரு பிழை. முன்னது எல்லார் கண்ணிலும் படும். அதற்குத் தேர்வாளன் பழி ஏற்பான். பின்னதை அறிபவர் அச்சிறுவனும் அவன் வீட்டாருமே. இவ்வேற்றுமையால்தான், ஐயம் தோன்றியபோதெல்லாம் பெரிய உடலை ஏற்றுச் சிறிய உடலை விடுவது பாதுகாப்பான வழியாகத் தோன்றுகிறது.

அவன் வீட்டார் இழப்பது என்ன? அமெரிக்காவில் கல்லூரிக் கல்வி பெருஞ்செலவு உடையது. முழு உதவிச் சம்பளம் பெற்ற மாணவனுக்குப் படிப்பு, உறைவிடம், உணவு, நூல் யாவும் கிடைக்கும். எளிய குடும்பத்துச் சிறுவனுக்கு அது ஒரு தலைமுறையின் விதியையே மாற்ற வல்லது. ஓர் அங்குலக் குறைவால் அது கைநழுவலாம். அண்மைக்காலத்தில் இந்நெருக்கடி மிகுந்துள்ளது. 2018இல் ஏற்பட்ட மாற்று முறையாலும், 2021இல் அதன் விதிகள் தளர்ந்ததாலும் கல்லூரி வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் மாறுகிறார்கள். வளருமா என்று தெரியாத பதினேழு வயதுச் சிறுவனைவிட, ஏற்கெனவே ஆடிக்காட்டிய இருபத்தோரு வயது இளைஞனைச் சேர்ப்பது பயிற்சியாளருக்கு எளிதாயிற்று.

ஆனால் அதே வாயில் சிறியவனுக்கும் திறந்துள்ளது. பெருங்கல்லூரி அழைக்காவிட்டால் சிறு கல்லூரியில் சேர்ந்து, இரண்டாண்டு ஆடித் தன்னை மெய்ப்பித்துப் பின்னர் மேலே செல்லலாம். அதற்கு இன்றியமையாதது படிப்பு. முதல்நிலைக் கல்லூரிகளில் ஆடத் தகுதி பெற 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, நான்கு புள்ளி அளவில் குறைந்தது 2.3 சராசரியும் பெற்றிருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்த மாணவனுக்காக வாதாட எந்தத் தேர்வாளனாலும் முடியாது. உயரம் நம் கையில் இல்லை. மதிப்பெண் நம் கையில் உள்ளது.

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களிலும் விளையாட்டில் நாட்டமுள்ள பிள்ளைகள் உண்டு. பள்ளி அணிக்கும் விளையாட்டு விடுதிக்கும் ஆள் எடுக்கும் நாளில் அவர்களும் அளவுகோலின் கீழ் நிற்கிறார்கள். அளவு தவறு அன்று. அளவோடு நின்றுவிடுவதே தவறு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் காரம் உண்டா என்பதைக் கடித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். முதல் அடியை நோக்குக; எதிரி யார் என்று வினவுக; தோற்கும்போதும் துரத்துகிறானா என்று காண்க. இவற்றிற்குப் பின்னரே உயரக்கோலை எடுப்பது முறை.